கச்சானில் கட்டிய கயிறுகள்

2024 நவம்பர் 23, சனிக்கிழமை. காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். முகம் கழுவி, சாமிப் படத்துக்கு விளக்கேற்றி, தேத்தண்ணி வைத்தேன். முதல் நாள் பின்னேரம் பிடித்த மழை விடவில்லை. பின் விறாந்தைக்குப் போய், முற்றத்துக் கொடிக்கயிற்றின் ஒரு முனையை அவிழ்த்துத் தளர்த்திக் கட்டினேன். மாரி பிடித்தால் கொடியைத் தளர்த்துவது எங்கள் வீட்டுப் பழக்கம். அம்மா செய்வார், இப்போது நான் செய்கிறேன். ஏழு மணி பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மருந்துப் பகுதியில் சனிக்கிழமை அரை நாள். மழையென்றபடியால் ஆட்கள் குறைவு. சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கிறவர்கள் மாத்திரம் வழக்கம் போல வந்திருந்தார்கள். ஒரு மணிக்கு வீடு திரும்பி, குடையை விரித்துக் காயவைத்து, சோறும் பருப்பும் முதல் நாள் மீன்குழம்பும் சாப்பிட்டேன்.

இதுவரைக்கும் எல்லாச் சனிக்கிழமையும் போலத்தான். அதற்குப் பிறகு நடந்ததை எழுத வேண்டும். ஆனால் எனக்குப் பத்து வயதாக இருந்த ஒரு வறண்ட கச்சான் காற்றுக் காலத்தை முதலில் சொல்லாவிட்டால் அது விளங்காது.

என்னோடு ஒரே வகுப்பில் படித்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் எல்லாரும் லிங்கநகரில் எங்கள் வீட்டுக்கு வந்து போனவர்கள். முன் அறை மேசையில் நின்ற கப்பலைத் தொடக்கூடாது என்று அப்பா சொல்ல, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தவர்கள். பிறகு ஒரு நாள் மேசை வெறுமையாக இருந்தது. கப்பல் எங்கே என்று நீங்கள் கேட்டீர்கள். நான் பேச்சை மாற்றினேன். இனி மாற்றத் தேவையில்லை.

அப்பா துறைமுகக் கந்தோரில் படம் வரைகிறவர். இறங்குதுறைகளுக்கும் களஞ்சியங்களுக்கும் கோடு கீறுவது அவர் வேலை. சேட்டுப் பையில் எப்போதும் இரண்டு பென்சில் இருக்கும், இரண்டும் ஊசி போலக் கூராக இருக்கும். கந்தோரில் வெள்ளைக்காரர் விட்டுப்போன அலுமாரி ஒன்றைத் துப்புரவாக்கியபோது ஒரு பழைய புத்தகம் அவருக்குக் கிடைத்தது. பாய்க்கப்பல்களுக்குக் கயிறு கட்டுவது எப்படி என்ற புத்தகம். அதே அலுமாரியில் ஒரு போர்க்கப்பலின் வரைபடங்களும் மடித்தபடி கிடந்தன. பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டிய, மூன்று பாய்மரக் கப்பல். அதற்கு எங்கள் ஊரின் பேரை வைத்திருந்தார்கள். அப்பாவைப் பிடித்தது அந்தப் பேர்தான் என்று நினைக்கிறேன். “எங்கட ஊர் உலகமெல்லாம் மிதந்திருக்கு, எங்களுக்குத்தான் தெரியேல்லை” என்று வருகிற எல்லாரிடமும் சொல்வார்.

உடலைச் செய்ய அவருக்கு இரண்டு வருடம் எடுத்தது. உடைந்த தேக்குப் பெட்டி ஒன்றின் பலகை அது. பீரங்கி வாய்கள் பக்கத்துக்கு ஒரு வரிசையாகத் திறந்திருக்கும். பாய்மரங்களுக்குக் கப்பலில் சாமான் வந்த பெட்டிகளின் வெள்ளைப் பலகையை இழைத்து உருட்டினார். ஒவ்வொரு பாய்மரமும் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று துண்டு. உச்சித் துண்டு தென்னோலை ஈர்க்கைவிடக் கொஞ்சம்தான் தடிப்பு.

கயிறு கட்டும் வேலை தொடங்கியது அந்த வருடக் கச்சானில். எங்கள் ஊர்க் கச்சானை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பத்து மணிக்கு முற்றத்து மணல் காலைச் சுடும். கதவுப் பலகைகள் காய்ந்து நிலையை விட்டு விலகி நிற்கும். உதடு வெடிக்கும். அந்தக் காற்றில் அப்பா வெள்ளைத் தையல் நூலைக் கறுப்பு மையில் தோய்த்து, அம்மாவின் கொடியில் காயப் போட்டார். ஒரு நாள் கொடியில் நூல் கிடப்பதைக் கவனிக்காமல் அம்மா என் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையையும் அதில் போட்டுவிட்டார். முதுகில் மூன்று கறுப்புக் கோடு. ‘அணில்’ என்று ஒரு தவணை முழுவதும் என்னைக் கூப்பிட்டவர்கள் இதை வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

நூல் வாங்கப் போனால் கடை முதலாளி கேட்பாராம், ஐயா பொம்பிளைப் பிள்ளைக்குப் பாவாடை தைக்கிறீங்களோ, கப்பலுக்குத் தைக்கிறீங்களோ என்று. அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, இன்னும் மோசம். மேசையடியில் குனிந்து பீரங்கி வாய்க்குள் விரலை விட்டுப் பார்ப்பார். “வெள்ளைக்காரன் துறைமுகத்தை விட்டுப் போய் எவ்வளவு காலம், மச்சான். நீர் இன்னும் அவன்ர கப்பலுக்குக் கயிறு கட்டுறீர்” என்பார். அப்பா நிமிர மாட்டார். “விரலை எடும், மச்சான்” என்று மட்டும் சொல்வார்.

பாய்மரத்தை நிமிர்த்தி வைத்திருப்பது இரண்டு பக்கத்தாலும் இறங்குகிற தாங்கு கயிறுகள். ஒவ்வொன்றின் அடியிலும் சிரட்டையில் அரிந்த மூன்று துளை வட்டு ஒன்று இருக்கும். அதற்கூடாகச் சின்ன நூலைக் கோத்து இழுத்தால் தாங்கு கயிறு இறுகும். ஒரு பக்கம் முழுவதையும் கட்டிவிட்டு மற்றப் பக்கம் போனால் மரம் சரிந்துவிடும். ஆகவே வலப்பக்கம் ஒரு சோடி, இடப்பக்கம் ஒரு சோடி என்று மாறி மாறித்தான் கட்ட வேண்டும். அப்பா வாய்க்குள் சொல்லிக்கொண்டே கட்டுவார். “வலம் ஒண்டு. இடம் ஒண்டு.” தம்பி அப்போது சின்னப் பிள்ளை. அதைக் கேட்டுக்கொண்டே பாயில் நித்திரையாகிப் போவான்.

நூலுக்குத் தேன்மெழுகு பூசச் சொல்லிப் புத்தகத்தில் இருந்தது. கந்தோரில் கூட வேலை செய்த ஒருவர் கிண்ணியாவிலிருந்து ஒரு கட்டி கொண்டுவந்து கொடுத்தார். அப்பா ஒரு முழ நூலுக்குப் பூசிப் பார்த்தார். கருமை மங்கிப் பழுப்பாகியது. அசல் கப்பலில் தார் பூசிய கயிறு, அது கன்னங்கறுப்பாக இருக்க வேண்டும் என்று சொல்லி மெழுகைத் தம்பிக்கு விளையாடக் கொடுத்துவிட்டார். தாங்கு கயிறுகளுக்கும், ஒவ்வொரு உச்சியிலிருந்தும் முன்பக்கம் இறங்குகிற தடித்த கயிறுகளுக்கும் வெறும் பருத்தி நூல்தான். முன் பாய்மரத்தின் முன்கயிற்றுக்கு மட்டும் ஒன்பது இழையைச் சேர்த்து முறுக்கினார். கட்டி முடித்து விரலால் சுண்டினால் மெல்லிய ஒலி ஒன்று வரும். தொய்ந்த கயிறு கட்டிய கப்பல் குளிக்காத மனிதனைப் போல என்பது அவர் எண்ணம்.

அந்தக் காலத்து வீட்டுச் சத்தங்களில் இன்னொன்று இருக்கிறது. அப்பா அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “இஞ்சாரும்” என்பார். அம்மா “இஞ்சாருங்கோ” என்பார். உங்கள் வீடுகளிலும் அப்படித்தான் இருந்திருக்கும். ஒரு வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை தரம் அந்தச் சொல் கேட்கும் என்று அது கேட்கிற காலத்தில் ஒருவரும் கவனிப்பதில்லை. இஞ்சாரும், மூக்குக் கண்ணாடி எங்க. இஞ்சாரும், கதவில ஆரோ நிக்கினம். இஞ்சாரும், இந்தக் கயிற்றை ஒருக்கா வந்து பாரும், நேராயிருக்கோ. கை மாவாக இருந்தாலும் அம்மா குசினியிலிருந்து வந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, “கொஞ்சம் இடப்பக்கம்” என்பார். அம்மா சொன்னால் சரியாக இருக்கும். அப்பா அவிழ்த்துத் திருப்பிக் கட்டுவார்.

புரட்டாதியில் கொழும்பிலிருந்து ஒரு பெரிய அதிகாரி கந்தோருக்கு வந்தார். யாரோ கப்பலைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். அவர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அம்மா நல்ல கோப்பைகளை எடுத்துத் தேத்தண்ணி கொடுத்தார். அதிகாரி கதிரையில் இருக்காமல் மேசையைச் சுற்றி நடந்தார். தலைமைக் கந்தோர் வாசலில் கண்ணாடிப் பெட்டியில் இதை வைக்க வேண்டும், தை மாதம் நீங்களே கொண்டு வாருங்கள் என்றார். படம் வரைகிற பகுதியில் பெரிய இடம் ஒன்று காலியாக வருகிறது, குடும்பத்தோடு இருக்க விடுதியும் உண்டு, உங்களைப் போல ஒருவரைத்தான் தேடுகிறேன் என்றும் சொன்னார். போகும்போது அப்பாவின் தோளில் தட்டினார். அன்றைக்கு அப்பா பாடிக்கொண்டு குளித்தார்.

அம்மா பாடவில்லை. மாமா கொழும்பில் கடை வைத்திருந்தவர். அதற்கு மூன்று வருடம் முன்னம் அங்கே தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில் உடுத்த சாரத்தோடு வந்து எங்கள் படலையில் நின்றார். அம்மாதான் படலையைத் திறந்தது. அந்தக் கோலத்தில் அண்ணனைக் கண்டவர் கொழும்பு என்ற சொல்லைக் கேட்டாலே எழும்பிப் போய்விடுவார். அதற்குப் பிறகு ஒவ்வொரு கிழமையும் குசினியில் அதே கதை. அப்பாவுக்குப் பிள்ளைகளின் படிப்பு, ஆயுள் முழுவதும் ஒரே மேசையில் இருந்து தேய வேண்டியதில்லை என்ற ஆசை. அம்மாவுக்குப் படலையில் நின்ற அண்ணன். இரண்டு பேரும் சத்தம் போட்டுக் கதைக்கிறவர்கள் இல்லை. அதனால் ஒரு நாள் அம்மா குரலை உயர்த்தியபோது நான் படித்துக்கொண்டிருந்த இடத்தில் அப்படியே இருந்துவிட்டேன்.

“இஞ்சாருங்கோ, அந்தக் கப்பல் இல்லாட்டி உங்களை அங்க ஆரும் தேடமாட்டினம். அதைக் கட்டத் தொடங்கின நாள் தொடக்கம் எனக்கு நிம்மதியில்லை.”

அது ஐப்பசியில் ஒரு பின்னேரம். அடுத்த நாள் மழை பிடித்தது.

முதல் மழையென்றால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். மணல் குளிர்ந்து வாசம் வந்தது. அம்மா கொடியைத் தளர்த்தினார். உப்புச் சிரட்டையில் உப்புக் கசிந்தது. விலகி நின்ற கதவுகள் உப்பி இறுகி, சாத்தினால் திறக்க ஏலாமல் போயின. நான்கு நாள் விடாமல் பெய்தது. பள்ளிக்கூடம் மூடினார்கள்.

நான்காம் நாள் பகல். அப்பா கந்தோரில். தம்பி நித்திரை. அம்மா பின்னால் விறகை மூடிக்கொண்டிருந்தார். நான் கொப்பி எடுக்க முன் அறைக்குப் போனேன். கப்பலின் முன் பாய்மரத்தின் உச்சித் துண்டு முறிந்து, நூல்களில் தொங்கிக்கொண்டு நின்றது.

நான் தொடவில்லை. மேசை விளிம்பில் கையை வைத்தபடி பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா எப்போது பின்னால் வந்தார் என்று தெரியாது. முறிந்த மரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு என் கையை மேசையிலிருந்து மெல்ல எடுத்துவிட்டு, “நீ போய் முகம் கழுவு” என்றார்.

ஏன் முகம் கழுவ வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் ஒன்று விளங்கியது என்று நினைத்தேன். கொஞ்சம் முன்னர் வீட்டுக்குள் நடமாடியவர் அம்மாதான். கப்பல் இல்லாவிட்டால் போகத் தேவையில்லை என்று சொன்னவரும் அவர்தான். என்னை அறையைவிட்டு அனுப்புகிறவரும் அவர்தான். பத்து வயதில் அது போதும். அம்மாவைக் காட்டிக் கொடுக்கக்கூடாது என்று தீர்மானித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். உண்மையில் எனக்கு அம்மாமேல் கோபமில்லை. உங்களையெல்லாம் விட்டுவிட்டுக் கொழும்புக்குப் போக எனக்கும் விருப்பமில்லை.

மழைக்குக் கந்தோரை நேரத்தோடு விட்டிருக்க வேண்டும். முகம் கழுவிவிட்டு நான் பின் விறாந்தையில் ஏறும்போது அப்பா முன்வாசலில் நின்றார். குடை மடிக்காமல் கையில் இருந்தது. அம்மா மேசைக்கு மேலே குனிந்து, தொங்கிய துண்டை இரண்டு விரலால் தாங்கிப் பிடித்து, அது இருந்த இடத்தில் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா சத்தம் போடவில்லை.

“இஞ்சாரும்,” என்றார். “ஏன்?”

அம்மா விரலை எடுத்தார். துண்டு மறுபடி தொங்கியது.

“நடந்தது நடந்து போச்சுது. பிள்ளையளை ஒண்டும் கேக்காதேங்கோ.”

அப்பா எங்களை ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவையும் திருப்பிக் கேட்கவில்லை. குடையை மூலையில் வைத்துவிட்டு உடுப்பு மாற்றப் போனார். அதிகாரிக்கு, கப்பல் முடியவில்லை என்று எழுதினார். முறிந்த துண்டைத் திருப்பிச் செய்ய அவருக்கு ஒரு கிழமை போதும். அவர் செய்யவில்லை. வீட்டில் வேண்டாம் என்று ஒருவர் முறித்ததைத் திருப்பிக் கட்டுவது சரியில்லை என்று நினைத்தாரோ தெரியாது. அந்த இடத்துக்கு வேறு ஒருவர் போனார். அம்மா தன் பழைய வொயில் சேலையில் கப்பலைச் சுற்றி, அலுமாரிக்கு மேலே ஏற்றி வைத்தார்.

அன்றிலிருந்து “இஞ்சாரும்” என்ற சொல் எங்கள் வீட்டில் இல்லை.

சண்டை இல்லை. அப்பா குடிக்கவில்லை, அடிக்கவில்லை, சம்பளத்தைக் கொண்டுவந்து சாமிப் படத்தடியில் வைத்தார். அம்மா சமைத்தார், அவர் சாப்பிட்டார். அம்மாவோடு கதைக்க வேண்டியதை எனக்கூடாகக் கதைத்தார். பிள்ளை, அம்மாட்டச் சொல்லு. பிள்ளை, அம்மாவைக் கேள். அம்மா பக்கத்தில் நின்றாலும் அப்படித்தான். நான் திருப்பிச் சொல்லத் தேவையில்லை, அம்மாவுக்குக் கேட்டிருக்கும். ஆனாலும் நான் சொன்னால்தான் அம்மா செய்வார். உங்களில் ஒருத்தி ஒரு நாள் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, உங்கட அப்பாவுக்குச் செவிடோ என்று கேட்டாள். ஓம் என்று சொன்னேன்.

மூன்று வருடம் கழித்து ஒரு ஆடி மாதத்தில் மறுபடி கலவரம், கொழும்பு எரிந்தது. அப்பாவுக்குக் கிடைக்க இருந்த விடுதிப் பக்கமும் தப்பவில்லை. அந்தக் கிழமை மாமா வந்து எங்கள் முன் அறையில் இருந்தார். பயத்தில் அளவுக்கு மிஞ்சிக் கதைத்தார். “தங்கச்சி, நீ அண்டைக்கு அந்தக் கப்பலை முறிச்சிராட்டி இண்டைக்கு இந்தப் பிள்ளையள் எங்க? மச்சான், அவளுக்குக் கோயில் கட்டிக் கும்பிட வேணும்” என்றார். அப்பா பத்திரிகையை இறக்கவில்லை. அம்மா எழுந்து குசினிக்குப் போனார். இல்லை என்று சொல்ல அவருக்கு அது ஒரு நல்ல நேரம். அவர் சொல்லவில்லை. அம்மா செய்த புண்ணியம் என்று அந்தக் கதை சொந்தக்காரரிடையே பரவியது. அப்பாவுக்கு அது ஒவ்வொரு கலியாண வீட்டிலும் கேட்டது.

அப்பா போனது இங்கே ஆஸ்பத்திரியில். நான் அப்போது மருந்துப் பகுதியில் வேலைக்குச் சேர்ந்து கொஞ்சக் காலம். கடைசி நாள் பின்னேரம் நினைவு தெளிவாகத்தான் இருந்தது. கட்டிலின் வலப்பக்கம் அம்மா, இடப்பக்கம் நான். அவர் என் பக்கம் திரும்பினார்.

“பிள்ளை, அம்மாட்டச் சொல்லு. இருட்டுப்படுது, வீட்டை போகட்டாம்.”

அம்மா அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். நான் சொன்னேன். அம்மா போகவில்லை.

அம்மா அதற்குப் பிறகு நெடுங்காலம் இருந்தார். கடைசி மாதங்களில் நான்தான் குளிப்பாட்டி, சீப்பால் தலை இழுத்து, மருந்து கொடுத்தது. போன வருடம், ஒரு நாள் காலை, தலை இழுத்துக்கொண்டிருக்கும்போது, முன்பின் இல்லாமல் சொன்னார்.

“நான்தான் முறிச்சதெண்டு அப்பா நினைச்சதும் நல்லதுக்குத்தான். உன்னில அவருக்கு உயிர். நீ எண்டு தெரிஞ்சிருந்தா அந்த மனிசன் உடைஞ்சு போயிருப்பார்.”

சீப்பு என் கையில் நின்றது. நான் இல்லை, அம்மா, நான் தொடவே இல்லை என்றேன். அம்மா திரும்பாமல் கையைப் பின்னால் நீட்டி என் முழங்காலைத் தட்டினார். “சரி, சரி. நீ சின்னப் பிள்ளைதானே” என்றார். மூன்று நாள், மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு தரமும் அதே தட்டல். நம்பவில்லை. நான் வெட்கப்படுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். அடுத்த மாதம் அம்மா காலமானார்.

ஆக, அம்மா இல்லை. நான் இல்லை. தம்பியாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன். மெழுகுக் கட்டி உருட்டி விளையாடுகிற வயது, நித்திரையால் எழும்பி மேசையில் ஏறியிருப்பான். கனடாவில் இருக்கிற, தலை நரைத்த ஒருவரிடம் அதைக் கேட்பதில் என்ன பலன்? கேட்கவில்லை.

இந்த ஆடியில் அம்மாவின் ஒரு வருட ஆட்டத்திவசம் முடிந்த பிறகு அலுமாரிக்கு மேலிருந்து கப்பலை இறக்கினேன். வொயில் சேலை தொட்ட இடத்தில் கிழிந்தது. ஆனால் அதற்குள் தூசு இல்லை. பொங்கலுக்குப் பொங்கல் அம்மா அவிழ்த்துத் துடைத்துச் சுற்றியிருக்கிறார். தன்னைக் கெடுத்த ஒரு சாமானை ஒருவர் இத்தனை காலம் ஏன் துடைக்கிறார்? அப்பாவின் சாமான் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

பழைய நூல்கள் பொடியாகிவிட்டிருந்தன. நானே திருப்பிக் கட்டுவது என்று முடிவு செய்தேன். அப்பாவின் புத்தகம் இருந்தது. தச்சர் ஒருவரிடம் முன் பாய்மரத்துக்குப் புது உச்சித் துண்டு கடைந்து வாங்கினேன். அதே மாதிரிப் பருத்தி நூல், அதே மாதிரிக் கறுப்பு மை, மெழுகு இல்லை. கொடியில் காயப் போட்டேன். கச்சான் காற்று அரை மணித்தியாலத்தில் காயவைத்துவிட்டது. பின்னேரங்களில் வலம் ஒன்று, இடம் ஒன்று என்று கட்டினேன். முன்கயிற்றுக்கு ஒன்பது இழை முறுக்கினேன். விரலால் சுண்டி அப்பாவின் அந்த ஒலி வருகிறதா என்று பார்த்தேன். வந்தது. மனம் நிறைந்திருந்தது. ஆவணியில் முடித்து, அதே முன் அறையில், அதே மேசையில் வைத்தேன்.

இனி இன்றைய பின்னேரம்.

சாப்பிட்டுக் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தேன். முன் அறையில், காய்ந்த முருங்கைக் குச்சியை முறித்தது போல ஒரு சத்தம். வீட்டில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. கதவுகள் பூட்டியிருந்தன. எங்கள் வீட்டில் பூனையும் இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். முன் பாய்மரத்தின் உச்சித் துண்டு, அதே இடத்தில் முறிந்து, நூல்களில் தொங்கிக்கொண்டு நின்றது. இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

நான் தாங்கு கயிறு ஒன்றைத் தொட்டேன். ஆவணியில் சுண்டிய நூல் அல்ல அது. இரும்புக் கம்பி போல இருந்தது. முன்கயிறு அதைவிடவும் இறுகியிருந்தது. மெழுகு பூசாத ஒன்பது இழை முறுக்கு, மற்ற எல்லாவற்றையும்விடக் கூடுதலாக ஈரம் குடித்துச் சுருங்கியிருக்கிறது. வலமும் இடமும் ஒரே அளவில் இழுத்தபடியால் மரம் பக்கத்துக்குச் சரியவில்லை. முன்னுக்கு வளைந்து, வளைந்து, முறிந்திருக்கிறது. ஒரு நூல்கூட அறவில்லை. அன்றைக்கும் அறவில்லை, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு கை பட்டு முறிந்திருந்தால் நூல் அறுந்திருக்கும், மரம் பக்கத்துக்கு விழுந்திருக்கும். அதை ஒருவர் ஒரு நிமிடம் நின்று பார்த்திருந்தால் போதும். கோடு கீறுவதே தொழிலான என் அப்பா பார்க்கவில்லை. அவர் பார்த்தது மரத்தை அல்ல, அம்மாவின் விரல்களை. அம்மா பார்த்ததும் மரத்தை அல்ல, மேசை விளிம்பில் இருந்த என் கையை. நான் பார்த்தது அம்மாவின் முகத்தை.

பின் முற்றத்தில், காலையில் நான் தளர்த்திக் கட்டிய கொடி மழையில் நனைந்துகொண்டிருந்தது. நனைந்த கயிறு சுருங்கும் என்று ஒவ்வொரு மாரியும் கொடியைத் தளர்த்திய வீடு இது. அந்த வருடமும் தளர்த்தினோம். முற்றத்துக் கயிற்றுக்கு நடப்பது மேசைக் கயிற்றுக்கும் நடக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இன்றைக்கு எனக்கும் தோன்றவில்லை.

ஏழு மணிக்கு, கனடாவில் காலையாக இருக்கும் நேரம் பார்த்து, தம்பிக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன். அவன் குறுக்கே கதைக்கவில்லை.

“நான் இவ்வளவு காலமும் நீங்கள் எண்டுதான் நினைச்சனான், அக்கா” என்றான்.

“நான் நீ எண்டு நினைச்சன்.”

சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. பிறகு கேட்டான்.

“இப்ப இதை அப்பாட்ட ஆர் சொல்லுறது?”

தொலைபேசியை வைத்துவிட்டு இதை எழுத இருந்தேன். முறிந்த துண்டு தொங்கியபடியே இருக்கிறது. இன்றைக்கு அதைத் தொட மனம் வரவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு. மழை. எழுந்ததும், விளக்கேற்றுவதற்கு முன்னம், முன் அறைக்குப் போனேன். முதலில் முன்கயிற்றைத் தளர்த்தினேன். பிறகு சிரட்டை வட்டுகளில் கோத்த நூல்களை, வலம் ஒன்று, இடம் ஒன்று, மூன்று பாய்மரத்துக்கும் தளர்த்தினேன். கடைசிச் சோடி தளர்ந்தபோது முறிந்த துண்டை இரண்டு விரலால் தாங்கி, அது இருந்த இடத்தில் பொருத்திப் பிடித்தேன். அம்மா அன்றைக்குப் பிடித்த அதே மாதிரி. அப்படி நின்றுகொண்டு, “இஞ்சாரும்” என்று அப்பாவின் குரலில் ஒரு தரம் சொல்லிப் பார்த்தேன். அவர் குரல் வரவில்லை. விரலை எடுத்துவிட்டு, போய் முகம் கழுவினேன்.